தலைக்கு ஒரு ஷில்லிங்

நரித் தலை ஒன்றுக்கு 12 பென்ஸ். பேட்ஜர் என்கிற வளை தோண்டும் பிராணிக்கும் அதே விலை. நீர்நாய்க்கு 2 பென்ஸ். முள்ளெலிக்கும் 2. மீன்கொத்திக்கு 1. எலி என்றால் மூன்று தலைக்கு 1 பென்னி. சுண்டெலி என்றால் ஒரு டஜன் சேர்த்துக் கொண்டுவர வேண்டும், அப்போதும் அதே 1 பென்னிதான்.

கசாப்புக் கடை போர்டு இல்லை இது. 1566-ல், முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், இங்கிலாந்து பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். தானியத்தைப் பாதுகாக்கும் சட்டம் என்று கௌரவமாகப் பெயர். அதற்கு முன்பே 1532-ல் எட்டாம் ஹென்றி காக்கைக் கூட்டங்களின் மேல் ஒரு சட்டம் போட்டிருந்தார். ராணி பட்டியலை நீட்டி, நரியிலிருந்து மீன்கொத்தி வரை எல்லோரையும் சேர்த்துவிட்டார். இந்தச் சட்டம் புத்தகத்திலிருந்து முறைப்படி நீக்கப்பட்டது 1863-ல். ஏறக்குறைய முந்நூறு வருஷம்!

12 பென்ஸ் என்றால் ஒரு ஷில்லிங். அன்றைக்கு வயலில் வேலை செய்த கூலிக்காரனின் ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம். ராத்திரி கண்விழித்து ஒரு நரியைப் பிடித்தால் மறுநாள் வேலைக்குப் போகாமல் படுத்துத் தூங்கலாம்.

இந்தக் கணக்குகளை எல்லாம் தேடிப் பிடித்து ரோஜர் லவ்குரோவ் எழுதிய புத்தகம் 'சைலன்ட் ஃபீல்ட்ஸ்'. 2007-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடு. பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தில் வேல்ஸ் பகுதிக்குத் தலைவராக இருந்தவர். இயற்கையைப் பற்றிய புத்தகம் என்றுதான் கடைக்காரர் அதை அடுக்குவார். பி.காம். படித்த எனக்கு அது ஒரு ஆடிட் ரிப்போர்ட்டாகத்தான் தெரிந்தது. நல்ல ஆடிட் ரிப்போர்ட். சில இடங்களில் கையெழுத்துப் போடத் தயக்கம்.

முதலில், நல்லதைச் சொல்லிவிடலாம்.

பாரிஷ் என்றால் ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர். அந்த சர்ச்சின் வரவு செலவைப் பார்ப்பவர் சர்ச் வார்டன். நம்மூர் கோயில் தர்மகர்த்தா மாதிரி. நிலம் வைத்திருப்பவர்களிடம் வரி வசூல் பண்ணி, தலை கொண்டுவருகிறவனுக்குப் பணம் கொடுத்து, நோட்டில் எழுதுவது அவர் பொறுப்பு. நரிக்கு இத்தனை, முள்ளெலிக்கு இத்தனை, சர்ச் ஜன்னல் ரிப்பேருக்கு இத்தனை என்று எல்லாம் ஒரே நோட்டில். இந்த நோட்டுகள் பல ஊர்களில் பத்திரமாக இருக்கின்றன. லவ்குரோவ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாரிஷ்களின் கணக்கைப் பார்த்திருக்கிறார். காட்டுப் பிராணியைப் பற்றி எழுத வந்தவர் காட்டுக்குப் போகாமல் கணக்குப் பிள்ளையின் அலமாரிக்குப் போனார் பாருங்கள், அங்கேதான் இந்தப் புத்தகம் ஜெயிக்கிறது. பழைய காலத்து வேட்டைக்காரன் பொய் சொல்வான். வாய்வழிக் கதை ஊதிப் பெருக்கும். பணம் கொடுத்தவன் எழுதிய கணக்கு அவ்வளவு சுலபமாக ஊதாது.

சட்டத்திலேயே ஒரு சாமர்த்தியமும் இருந்தது. பணம் கொடுத்தவுடன் அந்தத் தலையை வார்டன் முன்னாலேயே எரிக்க வேண்டும், அல்லது வெட்டிச் சிதைக்க வேண்டும். ஏன்? இல்லாவிட்டால் அதே தலை அடுத்த ஊருக்கு நடந்துபோய் இன்னொரு ஷில்லிங் வாங்கும். பணம் கொடுத்த வவுச்சர் மேல் 'பெய்டு' என்று முத்திரை குத்துகிறோமே, அதே தத்துவம்.

இந்தச் சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. 1902-ல் ஹனோய் நகரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் எலிவாலுக்குக் காசு கொடுத்தார்கள். ஜூன் மாதம் ஒரே நாளில் எலிக் கணக்கு 20,000-ஐத் தாண்டியது. அதிகாரிகளுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பார்த்தால் ஊருக்குள் வால் இல்லாத எலிகள் ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு எலியை விட்டுவிட்டால் அது குட்டி போடும், அந்தக் குட்டிக்கும் வால் இருக்கும் அல்லவா? மைக்கேல் வான் என்ற சரித்திர ஆசிரியர் ஆவணங்களோடு எழுதிய சம்பவம் இது. நம் மேனேஜ்மென்ட் பேச்சாளர்கள் மேடைக்கு மேடை சொல்லும் டெல்லி நாகப்பாம்புக் கதைக்கு - வெள்ளைக்காரன் பாம்புக்குக் காசு கொடுத்தான், ஜனங்கள் பாம்பு வளர்த்தார்கள் - அப்படி உறுதியான ஆவணம் யாரும் காட்டியதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் பாம்புக்குக் காசு கொடுத்தது உண்மை. வளர்த்த கதைதான் ஆதாரம் இல்லாமல் ஊர் சுற்றுகிறது. அடுத்த முறை யாராவது சொன்னால் ஹனோய் எலியைச் சொல்லச் சொல்லுங்கள்.

லவ்குரோவுக்கு வருவோம். புத்தகத்தில் மனதை உலுக்குவது நரி இல்லை, முள்ளெலி. ராத்திரியில் படுத்திருக்கும் பசுவின் மடியில் முள்ளெலி பால் குடிக்கும் என்று ஊர் ஊராக நம்பியிருக்கிறார்கள். அதன் வாய் சைஸுக்குப் பசுவின் காம்பு நுழையாது. ஆனால் யார் அளந்து பார்த்தார்கள்? பால் குறைந்ததா, முள்ளெலி. 1660-க்கும் 1800-க்கும் இடையே சுமார் 5 லட்சம் முள்ளெலிகளுக்குக் காசு கொடுத்திருப்பார்கள் என்பது இவர் கணிப்பு. செய்யாத குற்றத்துக்கு 5 லட்சம் தண்டனை. தலைக்கு 2 பென்ஸ், சில ஊர்களில் அதற்கு மேலும். ஓடத் தெரியாமல் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பிராணி. சின்னப் பையன்கூடப் பிடித்துவிடலாம்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. முள்ளெலி இத்தனை செத்தது அது பால் குடித்ததாலா, சுலபமாகக் கிடைத்ததாலா? தலைக்கு விலை வைத்தால், எந்தப் பிராணி அதிக நஷ்டம் பண்ணுகிறதோ அது சாவதில்லை. எது சுலபமாக மாட்டுகிறதோ அதுதான் சாகும். பணம் வாங்க வருகிறவன் பண்ணையார் கோழியைக் காப்பாற்றவா வருகிறான்? குறைந்த உழைப்பில் நிறைந்த காசு, அவ்வளவுதான் அவனுக்கு. அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது நரி. பட்டியலிலேயே அதிக விலை அதன் தலைக்கு. கோழி பிடிக்கும், ஆட்டுக்குட்டி பிடிக்கும், ஊரே வெறுத்தது. (நம்மூரில் நரி என்று நாம் பெரும்பாலும் சொல்வது வேறு ஜாதி. இங்கிலாந்தில் இருப்பது செந்நரி.) விலைதான் விதி என்றால் முதலில் ஒழிந்திருக்க வேண்டியது அதுதான். ஒழியவில்லை. இன்றைக்கும் லண்டனில் குப்பைத்தொட்டி ஓரம் நின்றுகொண்டு உங்களை ஏற இறங்கப் பார்க்கும்.

எப்படித் தப்பித்தது? எதை வேண்டுமானாலும் தின்னும், எங்கே வேண்டுமானாலும் குட்டி போடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதற்குப் பெரிய இடத்து சிபாரிசு கிடைத்தது. மான் காடுகள் சுருங்கிப்போன பிறகு பிரபுக்களுக்குக் குதிரையில் துரத்த ஏதாவது வேண்டியிருந்தது. ஹ்யூகோ மெய்னெல் என்பவர் 1753-லிருந்து நாற்பத்தேழு வருஷம் லெஸ்டர்ஷயரில் வேட்டை நாய்களை வளர்த்து, நரி வேட்டையை ஒரு கலையாகவே ஆக்கிவிட்டார். அதோடு நரியின் கணக்கு தலைகீழானது. கொன்றால் காசு என்பது போய், கொன்றால் கேவலம் என்றாகிவிட்டது. மனிதனைக் கொன்றால் ஹோமிசைட் என்பதுபோல, வேட்டைக்கு வெளியே நரியைக் கொல்வதற்கு 'வல்பிசைட்' என்று ஒரு வார்த்தையே புழக்கத்தில் இருந்தது. ஆன்டனி ட்ரோலப்பின் 'தி அமெரிக்கன் செனட்டர்' (1877) நாவலில் நரிக்கு விஷம் வைத்த ஒருவனால் ஊரே ரெண்டுபடும்.

சில ஜில்லாக்களில் நரி தட்டுப்பாடு வேறு. லண்டன் லெடன்ஹால் மார்க்கெட்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த நரிகளை விலைக்கு வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் காட்டில் விட்டிருக்கிறார்கள். கோழி பறிகொடுத்த விவசாயி வாயைத் திறக்காமலிருக்க, வேட்டைக் கிளப்புகள் கோழிக்கு நஷ்டஈட்டு நிதி வைத்திருந்தன. யோசித்துப் பாருங்கள். ஆட்டு மந்தை அதிகமுள்ள மேற்கு மலைகளில் ஒருவன் செத்த நரியைக் காட்டிக் காசு வாங்குகிறான். நடுவே சமவெளியில் இன்னொருவர் உயிருள்ள நரிக்குக் காசு கொடுக்கிறார். அதே நாடு, அதே நரி. கோழியும் அதே கோழிதான்.

லவ்குரோவ் இதையெல்லாம் சொல்லவில்லையா? சொல்கிறார். ஆனால் இது ஒரு பிராணியின் அத்தியாயத்தில் அடங்கிப்போகிறது. என் முதல் புகார் இந்த அமைப்பின் மேல்தான். புத்தகம் பிராணிவாரியாகப் போகிறது. நரிக்கு ஒரு பகுதி, பேட்ஜருக்கு ஒரு பகுதி, அண்டங்காக்கைக்கு ஒரு பகுதி. லெட்ஜர் போடுவதற்கு இது சரியான முறை. கம்பெனி எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் லெட்ஜர் போதாது, தேதிவாரியான நாள்குறிப்பு வேண்டும். ஒரே ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஊர் வார்டனின் நோட்டை வருஷம் வருஷமாகப் புரட்டி, அறுவடை கெட்ட வருஷத்தில் என்ன கொன்றார்கள், பண்ணையார் நாய் வளர்க்க ஆரம்பித்த வருஷத்தில் நரிக் கணக்கு என்ன ஆனது என்று காட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! அந்த வேலையை வாசகன் தலையில் போட்டுவிடுகிறார். பாதிப் புத்தகத்துக்கு மேல் எண்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வருகின்றன. தொடர்ந்து படித்தால் களைப்பாகிவிடுகிறது. தினம் ஒரு பிராணி என்று வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது புகார் கொஞ்சம் பெரியது. காசு வாங்கினவன் எங்கே? நோட்டில் அவன் பேரும் இருக்கும், சில இடங்களில் 'ஒரு பையனுக்கு' என்று மட்டும் இருக்கும். வேலை இல்லாத பனிக்காலத்தில் அந்த ஷில்லிங் அவன் வீட்டில் என்ன செய்தது? வரி கட்டியவன் ஒருத்தன், காசு வாங்கியவன் இன்னொருத்தன் என்றால் இது பயிர்ப் பாதுகாப்பு மட்டுமா, ஏழைக்குக் கொடுத்த மறைமுக உதவியும்தானா? பிராணியின் பக்கம் நின்று எழுதுகிறவருக்கு இந்த மனிதன் ஓரமாகத்தான் தெரிகிறான். பாவம், அவனும் அந்தக் கிராமத்தில் ஓரமாகத்தான் இருந்தான்.

அவனைக் கொஞ்சம் உள்ளே கூப்பிட்டிருந்தால் தோல் வியாபாரமும் கூடவே வந்திருக்கும். தலைக்கு சர்ச்சில் காசு என்றால், உடம்பைப் போர்த்திய தோலுக்குச் சந்தையில் காசு. இது அரசாங்க விலையைவிடப் பழசு. வேல்ஸ் நாட்டில் ஹவல் தா என்ற பத்தாம் நூற்றாண்டு அரசர் பேரில் வழங்கும் சட்டங்களில் தோல் விலை இருக்கிறது. ஆட்டுத்தோல் 1 பென்னி என்றால் நரி, ஓநாய், நீர்நாய்த் தோல் 8. மார்ட்டன் என்கிற மரமேறும் பிராணியின் தோல் 24. பீவர் தோல் 120. ராஜாவின் அங்கிக்கு ஓரம் வைத்துத் தைக்கிற சரக்கு இதெல்லாம்.

120 பென்னி பெற்ற பீவர் என்ன ஆயிற்று? பதினாறாம் நூற்றாண்டுக்குள் பிரிட்டனில் அநேகமாகத் தீர்ந்தேபோயிற்று. எலிசபெத் ராணி சட்டம் போட வேண்டிய அவசியமே வரவில்லை, மார்க்கெட்டே கதையை முடித்துவிட்டது. 8 பென்னி நரி பிழைத்துக்கொண்டது.

தோல்காரனுக்கும் தலைகாரனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தோல்காரனுக்குப் பனிக்கால நரி வேண்டும். அப்போதுதான் ரோமம் அடர்த்தி. குட்டி போட்டிருக்கும் வசந்தகாலத்து நரித்தோல் சொறி பிடித்தமாதிரி இருக்கும், வியாபாரி தொடமாட்டான். ஆட்டுக்குட்டி பறிபோவதோ அந்த வசந்தத்தில்தான். ஆக, சந்தை விலை விவசாயிக்கு வேண்டாத நேரத்தில் நரியைக் கொல்கிறது, வேண்டிய நேரத்தில் விட்டுவிடுகிறது. தலைக்காசு எல்லா மாதமும் ஒன்றுதான். ஆனால் அங்கே வேறு தலைவலி. எல்லா நரியையும் பிடித்துவிட்டால் அடுத்த வருஷ வருமானத்துக்கு எங்கே போவது?

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாது. ஆஸ்திரேலியாவுக்கு நரியைக் கொண்டுபோனதே வேட்டைப் பிரியர்கள்தான். 1870-களில் மெல்போர்ன் பக்கத்தில் அது காலூன்றியது. 1970-களின் கடைசியில் ஐரோப்பிய கோட்டு நாகரிகத்தால் அங்கே நரித்தோலுக்கு நல்ல விலை, கிராமத்துப் பையன்கள் துப்பாக்கியோடு சுற்றினார்கள். 1980-களின் கடைசியில் தோல் மார்க்கெட் படுத்துவிட்டது. 2002-03-ல் விக்டோரியா மாநில அரசு, நரி வாலுக்கு 10 டாலர் என்று பரீட்சார்த்தமாக ஒரு திட்டம் போட்டது. சுமார் 1,70,000 வால்கள் குவிந்தன. பிரமாதம்! பிறகு நிபுணர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மாநிலப் பரப்பில் 4 சதவீதத்துக்கு மேல் நரி குறைந்திருக்க வாய்ப்பில்லை என்று முடிவு வந்தது. சுடுகிறவன் தனக்குச் சௌகரியமான இடத்தில் சுடுகிறான். காலியான இடத்துக்கு அடுத்த வருஷம் இளநரி ஒன்று குடிவந்துவிடுகிறது. ஆனால் 2011-ல் அதே 10 டாலர் திட்டத்தை மீண்டும் கொண்டுவந்தார்கள். நரி குறைந்ததோ இல்லையோ, அரசாங்கம் ஏதோ செய்கிறது என்பது கிராமத்துக்குத் தெரிகிறதல்லவா? வால் எண்ணிக்கை பேப்பரில் போட ரொம்ப நல்ல எண்.

லவ்குரோவ் ஒரு விஷயத்தில் நேர்மையாக இருக்கிறார். சர்ச் கொடுத்த காசு மட்டும் பிரிட்டனின் பிராணிகளை அழிக்கவில்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவைச் சுடும் எஸ்டேட்டுகளின் காவல்காரர்கள்தான் பெரிய அடி கொடுத்தார்கள் என்று அவரே காட்டுகிறார். ஸ்காட்லாந்தின் க்ளென்கேரி எஸ்டேட்டில் 1837 முதல் 1840 வரை கொன்றதாக ஒரு பட்டியல் பிரசித்தம். செம்பருந்து 275, காட்டுப்பூனை 198, கடல் கழுகு 27, நரி 11. சுடுவதற்குப் பறவை மிச்சமிருக்க வேண்டும் என்பதற்காக, அதைத் தின்னும் சகலத்தையும் தீர்த்தார்கள். சர்ச் கணக்கை நம்பி இவர் எழுப்பிய மாளிகைக்கு இது ஒரு விரிசல்தான். மறைக்காமல் எழுதியதற்கு ஒரு சலாம்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நீலகிரிக்குப் போவோம். இங்கிலாந்திலிருந்து வந்த துரைமார்களுக்கு ஊட்டியில் குதிரை இருந்தது, வேட்டை நாய் இருந்தது, செந்நரி மட்டும் இல்லை. நம்ம நரியையே துரத்தினார்கள். வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் சிவப்புக் கோட்டும் கொம்பூதலுமாக 'ஊட்டி ஹன்ட்' பிரபலம். அதே மலையில் 1877-ல் ஒரு வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது, 1879-ல் சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென்று தனிச் சட்டமே போட்டது. கடமானும் காட்டெருமையும் துப்பாக்கிக்கு மிச்சம் இருக்க வேண்டாமா? கடமானைத் தின்கிற செந்நாயின் தலைக்கு விலை வைத்தார்கள். ஊரார் ஆட்டைத் திருடும் நரி துரைக்கு விளையாட்டுத் தோழன், துரையின் மானைத் தின்னும் செந்நாய் குற்றவாளி. பாரிஷ் கணக்கு கப்பலேறி நம் மலைக்கு வந்துவிட்டது.

நாடு முழுக்கவும் அப்படித்தான். 1875-லிருந்து 1925 வரை ஐம்பது வருஷத்தில் 80,000-க்கு மேல் புலிகள், ஒன்றரை லட்சத்துக்கு மேல் சிறுத்தைகள், 2 லட்சம் ஓநாய்கள் கொல்லப்பட்டதாக, அரசு வெகுமதிக் கணக்கைப் பார்த்து மகேஷ் ரங்கராஜன் எழுதியிருக்கிறார். புலிக்கு அப்புறமாகவாவது சிபாரிசு கிடைத்தது, தேசிய விலங்கு ஆயிற்று. ஓநாய்க்கு யார் இருக்கிறார்கள்?

பிரிட்டனில் இப்போது கணக்கு மறுபடி திரும்பியிருக்கிறது. 1989-லிருந்து ஸ்பெயினிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் செம்பருந்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 2009-ல் நார்வேயிலிருந்து பீவர்களைக் கொண்டுவந்து ஸ்காட்லாந்தில் விட்டார்கள். 120 பென்னிக்கு விற்றுத் தீர்த்த சரக்கை எத்தனை பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது என்று ஒரு அத்தியாயம் யாராவது எழுதலாம். இந்தப் புத்தகத்துக்குப் பொருத்தமான பேலன்ஸ் ஷீட் அதுதான்.

குறைகளோடும் 'சைலன்ட் ஃபீல்ட்ஸ்' படிக்க வேண்டிய புத்தகம். நூலகத்தில் கிடைத்தால் முள்ளெலிப் பக்கங்களிலிருந்து ஆரம்பியுங்கள், அப்புறம் நரி. நம்மூரில் காட்டுப்பன்றி கடலைக் காட்டை உழுதுவிட்டது, மயில் நெல்லைத் தின்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம், தலைக்கு இவ்வளவு என்று அறிவித்துவிடுங்கள் என யாராவது யோசனை சொல்வார்கள். நஷ்டப்பட்ட விவசாயியின் கண்ணீர் நிஜம். அவருக்கு நஷ்டஈடு சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். அந்த யோசனைக்குத் தலையாட்டுவதற்கு முன்னால் மட்டும் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: காசு யாருடையது, தலையை எண்ணுவது யார், எண்ணி முடித்த பிறகு பயிர் மிஞ்சியதா என்று பார்க்கப்போவது யார்? முதல் இரண்டுக்கும் அந்த சர்ச் வார்டனிடம் நோட்டு இருந்தது. மூன்றாவதற்கு அவரிடமும் பதில் இல்லை.